இது மனசா, உடம்பா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் என் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன். உங்களுக்கு 43 வயது. செம்பனை (பாமாயில்) ஆலையில் ஷிப்ட் வேலை. ஆறு வருடமாக இனிப்புநீர் (சர்க்கரை நோய்), மூன்று வருடமாக ரத்த அழுத்தம். போன தீபாவளிக்குப் பிறகு விறைப்பு சரியாக வருவதில்லை. வந்தாலும் பாதியிலேயே போய்விடுகிறது. காலையில் எழும்போது தானாக வருவதும் இப்போது அபூர்வம். மனைவி ஒருநாள் "வேற யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டார். ஊரில் ஒருவர், சின்ன வயதுக் கைப்பழக்கத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது என்று சொல்லி 800 வெள்ளிக்கு (ரிங்கிட்) லேகியம் பேசியிருக்கிறார். நண்பர் கொடுத்த, ஆண்மைக்கென்று விற்கும் கோப்பிப் (காபி) பொட்டலம் ஒரு தடவை வேலை செய்தது, ஆனால் முகம் சூடேறித் தலை இடித்தது. பிரஷர் மாத்திரைதான் இதற்கெல்லாம் காரணம் என்று யாரோ சொல்ல, அதை நீங்களே நிறுத்திவிட்டீர்கள். கடைசியில் கேட்டிருப்பது ஒரே வரி: "இது மனசா, உடம்பா?" அந்த வரிக்கு அடியில் இன்னொன்றையும் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. இது நானே தேடிக்கொண்ட வினையா என்று. அதற்குப் பதில் இல்லை என்பதுதான். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நீங்கள் கொஞ்சம் நிம்மதியாகப் படிப்பீர்கள்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் 26 வருடமாகக் கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவர். யூரோலஜி (சிறுநீர், ஆணுறுப்பு நோய்கள்) நிபுணரும் இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. ஆனால் பால்மர (ரப்பர்) தோட்டங்கள் செம்பனையாக மாறி, தொழிலாளர் லயத்து வீடுகள் காலியாகி, சனங்கள் தாமான் என்ற குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிவந்த காலத்தில் நான் அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பிரச்சினையோடு வருகிறவர்களை எனக்கு நடையிலேயே தெரியும். எதிர்க்கடை ஓரத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, கூட்டம் கலையும்வரை காத்திருப்பார்கள். தாதியிடம் "இடுப்பு வலி" என்று சொல்லிப் பெயர் கொடுப்பார்கள். உள்ளே வந்து இடுப்பைப் பற்றியே பத்து நிமிடம் பேசுவார்கள். மருந்துச் சீட்டை வாங்கி எழுந்த பிறகு, கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "டாக்டர், இன்னொரு விஷயம்..." என்பார்கள். அந்த இன்னொரு விஷயத்துக்காகத்தான் அவர்கள் மூன்று வாரமாக யோசித்து வந்திருப்பார்கள். அதனால் இப்போதெல்லாம் இனிப்புநீர் உள்ள ஆண்கள் யார் வந்தாலும், கால், கண் பற்றிக் கேட்பதுபோல இதையும் நானே கேட்டுவிடுகிறேன்.

மனசா உடம்பா என்ற கேள்விக்கு வருகிறேன். விறைப்பு எப்படி வருகிறது என்று தெரிந்தால், அந்தக் கேள்வி ஏன் இரண்டாகப் பிரியாது என்பதும் தெரிந்துவிடும். ஆணுறுப்புக்குள் நீளவாக்கில் பஞ்சு போன்ற இரண்டு தண்டுகள் இருக்கின்றன. அவற்றின் சுவர்களில் உள்ள நுண்ணிய தசைகள் சாதாரண நேரத்தில் இறுகியே இருக்கும். ரத்தம் உள்ளே அதிகம் போகாது. ஆசை வரும்போது மூளையிலிருந்து முதுகுத்தண்டு வழியாகச் செய்தி இறங்கி, நரம்பு முனைகளும் ரத்தக்குழாயின் உள்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கின்றன. அது தசையைத் தளர்த்துகிறது. ரத்தம் பாய்ந்து பஞ்சு நிரம்புகிறது. நிரம்பிய பஞ்சு வெளியே போகும் நாளங்களை நசுக்குவதால் ரத்தம் உள்ளேயே நிற்கிறது. இந்த வாயு உடம்பில் செய்தி சொல்லும் பொருளாக வேலை செய்கிறது என்று கண்டுபிடித்ததற்குத்தான் 1998இல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆக, இறுகியிருப்பது விறைப்பாக மாற வேண்டுமானால் தசை முதலில் தளர வேண்டும். பயம் வந்தால் உடம்பு அட்ரினலின் வகைப் பொருள்களைச் சுரக்கும், அவை இதே தசையை இறுக்கிவிடும். இனிப்புநீர் வருடக்கணக்கில் நரம்பையும் ரத்தக்குழாயின் உள்சுவரையும் கெடுக்கும், அப்போது தளர்த்தும் வாயு குறையும். மனசும் சரி, உடம்பும் சரி, கை வைக்கும் இடம் அந்த ஒரே தசைதான்.

மருத்துவ உலகமும் இதில் இரண்டு பக்கமும் சாய்ந்து எழுந்துதான் வந்திருக்கிறது. 1970 வாக்கில், அமெரிக்காவில் பாலியல் ஆய்வில் பேர் பெற்ற மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இருவரின் கருத்தே எல்லாருக்கும் வேதமாக இருந்தது. பத்தில் ஒன்பது பேருக்கு இது மனசுதான் என்றார்கள். பிறகு தூக்க ஆய்வுகள் பெருகின. ஆரோக்கியமான ஆணுக்கு ஒரு ராத்திரியில் மூன்று முதல் ஐந்து தடவை, கனவு வரும் தூக்கத்தின்போது, தானாகவே விறைப்பு வந்து போகிறது. அந்த நேரத்தில் கவலைக்கு இடமில்லை. அதுவும் வராவிட்டால் கோளாறு உடம்பில் இருக்கலாம் என்று பார்க்க ஆரம்பித்தார்கள். 1983இல் பிரிண்ட்லி என்ற ஆங்கில விஞ்ஞானி, அமெரிக்க யூரோலஜி மருத்துவர்களின் மாநாட்டுக்கு வரும் முன் தன் உறுப்பில் தானே ஊசி மருந்து ஏற்றிக்கொண்டு, மேடையிலேயே பலனைக் காட்டினார். ஆசை எதுவும் இல்லாமல், தசையை மட்டும் மருந்தால் தளர்த்தினாலே விறைப்பு வரும் என்று நிரூபணமாயிற்று. 1998 மார்ச்சில் அமெரிக்காவில் வயாகரா அனுமதி பெற்றதும் எல்லாம் உடம்புதான் என்று அலை அந்தப் பக்கம் அடித்தது. இன்று பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் கலந்தே இருக்கிறது என்பதுதான் பொதுவான முடிவு. என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தவர்களிடமும் நான் பார்த்தது அதுதான்.

எந்தப் பக்கம் எடை அதிகம் என்று பார்க்க ஒரு வழி உண்டு. திடீரென்று ஒரு நாளில் தொடங்கியது, காலை விறைப்பு நன்றாக இருக்கிறது, தனியாக இருக்கும்போது சரியாக வருகிறது, மனைவியோடு மட்டும் வரவில்லை என்றால் மனசின் பங்கு பெரிது. மெல்ல மெல்லக் குறைந்தது, காலையிலும் இல்லை, எந்த நேரத்திலும் பழைய உறுதி இல்லை என்றால் உடம்பின் பங்கு பெரிது. நீங்கள் எழுதியது இரண்டாவதோடு பொருந்துகிறது. ஆனாலும் இதை வைத்து நான் தீர்ப்பு எழுத மாட்டேன். ஷிப்ட் வேலைக்காரர்களுக்குத் தூக்கமே துண்டு துண்டாக இருக்கும், மனச்சோர்வு உள்ளவர்களுக்கும் ராத்திரி விறைப்பு குறையலாம். குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று தூங்குகிறவரா நீங்கள் என்று மனைவியைக் கேளுங்கள். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் பதிலில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் அகலம் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர். இதயத்தின் குழாய் மூன்று, நான்கு மில்லிமீட்டர். சர்க்கரையும் கொழுப்பும் புகையும் எல்லாக் குழாய்களின் உள்சுவரையும் ஒரே நேரத்தில்தான் அரிக்கின்றன, ஆனால் சின்னக் குழாய் முதலில் காட்டிக்கொடுக்கும். இத்தாலியில் நெஞ்சுவலியோடு வந்து இதயக் குழாய் அடைப்பு உறுதியான 300 ஆண்களை விசாரித்து 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு விறைப்புக் குறைபாடு இருந்தது. அந்தப் பாதியில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு, நெஞ்சு நோவுக்கு முன்பே அது வந்திருந்தது, அதுவும் சராசரியாக மூன்று வருடத்துக்கு மேல் முன்பாக. அதாவது இதயம் பேசுவதற்கு மூன்று வருடம் முன்னால் உடம்பு ஒரு தகவல் அனுப்பியிருக்கிறது, அவர்கள் வெட்கப்பட்டு அதை மறைத்து வைத்திருந்தார்கள். நம் நாட்டில் 2019இல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் இந்தியப் பெரியவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு இனிப்புநீர். பாஸ்டன் பக்கம் 40 முதல் 70 வயது வரை 1,290 ஆண்களிடம் நடந்து 1994இல் வெளிவந்த பெரிய ஆய்வில், ஓரளவாவது விறைப்புக் குறைபாடு உள்ளவர்கள் 52 விழுக்காடு. அது முற்றிலும் நின்றுபோனவர்களின் பங்கு, இனிப்புநீருக்கு மருந்து சாப்பிடுகிறவர்களிடம் மற்றவர்களைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் ஊரில் இது எத்தனை வீட்டுக் கதை என்று புரியும்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான். உங்கள் வயதுக்குக் கொஞ்சம் மேல், லாரி ஓட்டுகிறவர். அவரும் ஒரு கோப்பிப் பொட்டலத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். "இதைக் குடிக்கலாமா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். நான் முதலில் காலணியைக் கழற்றச் சொன்னேன். அவருக்குக் கோபம், நான் பேச்சை மாற்றுகிறேன் என்று. கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, "படும்போது சொல்லுங்க" என்றேன். குதிகாலில் சொன்னார், பாதத்தின் நடுவில் சொன்னார். பெருவிரல் நுனியில் இழை வளையும்வரை அழுத்தினேன், அவர் பேசாமல் இருந்தார். பக்கத்து விரலிலும் அப்படியே. கண்ணைத் திறந்து, இழை தன் விரலில் வளைந்து நிற்பதைப் பார்த்தபோதுதான் அவர் முகம் மாறியது. "இதே நரம்பு வேலைதான் அங்கேயும்" என்று மட்டும் சொன்னேன். மாடி ஏறினால் நெஞ்சு கனக்கிறதா என்று கேட்டேன், கொஞ்ச நாளாக அப்படித்தான் என்றார், லாரியில் உட்கார்ந்தே இருப்பதால் என்று நினைத்தாராம். ஈப்போ நகர மருத்துவமனைக்கு அனுப்பினேன். அடைப்பு இருந்தது, சரி செய்தார்கள். அவருக்கு விறைப்பு முழுதாகத் திரும்பவில்லை, பாதிதான். ஆனால் ஆள் இருக்கிறார், லாரி ஓட்டுகிறார்.

சரி, உடம்பின் பங்கு பெரிது என்றால் மனசுக்கு வேலையே இல்லையா? உண்டு, அதுவும் வேகமாக வளரும். உடம்புக் கோளாறால் ஒரு நாள் தவறுகிறது. அடுத்த முறை படுக்கும்போதே "இன்றைக்கு வருமா" என்று ஓர் ஓரத்தில் நின்று தன்னைத் தானே கவனிக்கத் தொடங்கிவிடுகிறான் ஆண். 1980களில் அமெரிக்க உளவியலாளர் டேவிட் பார்லோவும் அவர் குழுவும் செய்த சோதனைகள் இதை நன்றாகக் காட்டின. குறை இல்லாத ஆண்களிடம் மின்சார ஷாக் வரலாம் என்று சொல்லிப் பயமுறுத்தினால்கூட அவர்கள் கிளர்ச்சி குறையவில்லை. குறை உள்ளவர்களுக்குக் குறைந்தது. வேறு ஒன்றைக் கவனிக்க வைத்துத் திசை திருப்பியபோது, குறை இல்லாதவர்களின் விறைப்பு இறங்கியது, குறை உள்ளவர்களுக்கு அதனால் பெரிய மாற்றமே இல்லை. ஏனென்றால் அவர்கள் கவனம் ஏற்கெனவே ஆசையில் இல்லை, தோல்வியில் இருந்தது. இன்னொன்றும் கண்டார்கள்: குறை உள்ளவர்கள் தங்களுக்கு வந்திருக்கும் விறைப்பை உண்மை அளவைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். எனவே "பாதியில் போய்விடுகிறது" என்று நீங்கள் எழுதியதில் எவ்வளவு உடம்பு, எவ்வளவு அந்தக் கவனிப்பு என்பது இங்கிருந்து எனக்குத் தெரியாது. இரண்டும் இருக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

பிரஷர் மாத்திரை விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். 2003இல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வு எனக்கு மறக்காது. 96 ஆண்களுக்கு அட்டெனலால் என்ற பிரஷர் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு என்ன மருந்து என்றே சொல்லவில்லை, அவர்களில் விறைப்புக் குறைந்ததாகச் சொன்னவர்கள் 3 விழுக்காடு. மருந்தின் பெயரை மட்டும் சொன்னவர்களில் அது 16 விழுக்காட்டுக்குப் பக்கம். "இது விறைப்பைக் குறைக்கலாம்" என்றும் சொல்லிக் கொடுத்தவர்களில் 31. மருந்து ஒன்றேதான், மாறியது காதில் விழுந்த வார்த்தை. பிறகு குறை சொன்னவர்களுக்கு வயாகராவும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தந்தன. இதனால் மாத்திரைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. பீட்டா பிளாக்கர் என்ற வகையில் பழைய பிரஷர் மாத்திரைகள் சிலவும், நீர் பிரிக்கும் மாத்திரைகளும், மனச்சோர்வு மாத்திரைகள் பலவும் விறைப்பையோ ஆசையையோ விந்து வெளிவருவதையோ பாதிக்கத்தான் செய்யும். ஆனால் மாற்று மாத்திரை உண்டு, மருத்துவரிடம் கேட்டால் மாற்றித் தருவார். மாத்திரையை நிறுத்தினால் ஏறிய அழுத்தம் அதே குழாய்களை இன்னும் வேகமாகக் கெடுக்கும். உங்கள் பிரஷர் மாத்திரைப் பொட்டலங்கள் இன்னும் வீட்டில் இருக்கும் என்று நம்புகிறேன். நாளைக்கே கிளினிக்கில் அழுத்தத்தை அளந்து, திரும்ப எப்படித் தொடங்குவது என்று கேளுங்கள்.

அப்புறம் அந்தச் சின்ன வயதுப் பழக்கம். இதில் மட்டும் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. சுய இன்பத்தால் நரம்பு தளராது, உறுப்பு சிறுக்காது, விந்து தீர்ந்து போகாது. சொப்பனத்தில் வெளியாவதும் நோய் இல்லை. ஏழு தாதுக்களில் கடைசியான சுக்கிலம் மிக உயர்ந்தது, அது போனால் உயிரே போகும் என்ற எண்ணம் நம் பக்கம் பழையது. அந்தப் பயத்தால் உடம்பு இளைத்து, சோர்ந்து, தூக்கம் கெட்டு வருகிறவர்களைப் பார்த்து இந்திய மனநல மருத்துவர் என்.என். விக் 1960இல் அதற்குத் தாது நோய் என்ற பொருளில் பெயரே வைத்தார். வெள்ளைக்காரர்களும் இதற்கு விலக்கு இல்லை. 18ஆம் நூற்றாண்டில் டிஸ்ஸோ என்ற சுவிஸ் மருத்துவர் இதே பயத்தை எழுதி வைத்து, ஐரோப்பா நூறு வருடத்துக்கு மேல் பிள்ளைகளை மிரட்டிக்கொண்டிருந்தது. பயம் உடம்பில் என்ன செய்யும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1967 கடைசியில் சிங்கப்பூரில் ஒரு வதந்தி: காய்ச்சல் தடுப்பூசி போட்ட பன்றியின் இறைச்சியைத் தின்றால் ஆணுறுப்பு வயிற்றுக்குள் சுருங்கிப் போய், ஆள் செத்துவிடுவான் என்று. சில வாரங்களில் 469 பேர், பெரும்பாலும் ஆண்கள், கையால் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடி வந்தார்கள். யாருக்கும் எதுவும் சுருங்கவில்லை. மருத்துவர்கள் தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் விளக்கிய பிறகுதான் அடங்கியது. அவர்கள் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே சுருங்குவதாக உணர்ந்தார்கள். இருபத்தைந்து வருடமாக ஒரு பழக்கத்தை நினைத்துக் கூனிக் குறுகி இருக்கிற மனசும் அப்படித்தான் உணரும். உங்கள் நரம்பு கெட்டிருந்தால் அது சர்க்கரையால். 800 வெள்ளி லேகியம் சர்க்கரையைக் குறைக்காது, அதில் வெல்லம் இருந்தால் ஏற்றும். சித்த மருத்துவத்தை நான் மொத்தமாகத் தள்ளவில்லை. பயத்தைக் கிளப்பி விலை பேசுவதைத்தான் தவறு என்கிறேன்.

கோப்பிக்கு வருவோம். ஒரு மணி நேரத்தில் பலன், முகச் சூடு, தலை இடி. இது வேரும் மூலிகையும் செய்கிற வேலை மாதிரித் தெரியவில்லை. சில்டெனாபில் அல்லது தடலாபில் என்ற விறைப்பு மருந்து கலந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். முதலாவதுதான் வயாகராவில் இருப்பது. இப்படிக் கலப்படம் செய்த கோப்பிகளை நம் சுகாதார அமைச்சு பல தடவை பிடித்து எச்சரித்திருக்கிறது. முறையாகப் பதிவான மருந்து என்றால் எம்.ஏ.எல். என்ற எழுத்துகளில் தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கிடைக்கும் பொட்டலத்தில் குதிரைப் படம் இருக்கும், அந்த எண் இருக்காது. எத்தனை மில்லிகிராம் கலந்தார்கள் என்று கலந்தவருக்கே தெரியாது. பெரிய ஆபத்து எங்கே என்றால், இதய நோயாளிகள் நாக்குக்கு அடியில் வைக்கும் ஜிடிஎன் மாத்திரை போன்ற நைட்ரேட் மருந்துகளோடு இது சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கி உயிரே போகலாம். தொங்காட் அலி என்ற மூலிகை வேரைப் பொறுத்தவரை, சின்னச் சின்ன ஆய்வுகள் இருக்கின்றன, சிலவற்றில் ஆசை கொஞ்சம் கூடியதாகத் தெரிகிறது. இனிப்புநீரால் வந்த விறைப்புக் குறைவை அது தீர்க்கும் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை.

அதே மருந்தை மருத்துவர் அளந்து எழுதித் தந்தால் நிலைமை வேறு. இதயத்துக்காக பிரிட்டனில் சோதித்துக்கொண்டிருந்தபோது தற்செயலாகத் தெரியவந்த மருந்துதான் சில்டெனாபில். நெஞ்சுவலிக்குப் பெரிய பலன் இல்லை, விறைப்புக்கு இருந்தது. இனிப்புநீர் உள்ள 268 ஆண்களிடம் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், 12 வாரத்தில் 56 விழுக்காட்டினருக்கு முன்னேற்றம் தெரிந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 10. அதாவது பாதிக்கு மேல் பலன், எல்லாருக்கும் இல்லை. பலன் இல்லை என்று வருகிறவர்களில் பாதிப் பேர் சாப்பிடும் முறையில்தான் தவறியிருப்பார்கள் என்பது என் அனுபவம். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றையோ ஆட்டுக்கறியையோ வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு சில்டெனாபிலை எடுத்தால் அது தாமதமாகத்தான் இறங்கும். மாத்திரை போட்டுவிட்டுத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது, ஆசையும் தொடுதலும் இருந்தால்தான் அந்த வாயு சுரக்கும், மாத்திரை அதன் வேலையை நீட்டிக்கொடுப்பது மட்டுமே. ஒரே தடவை பார்த்துவிட்டு விட்டுவிடவும் கூடாது, ஆறேழு தடவையாவது பார்க்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இறங்காவிட்டால் வெட்கம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாத்திரையோடு நிற்காதீர்கள். இத்தாலியில் 110 பருமனான ஆண்களைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இரண்டு வருடம் உணவையும் நடையையும் விடாமல் சொல்லிக்கொடுத்தார்கள். 55இல் 17 பேருக்கு விறைப்பு சரியான அளவுக்குத் திரும்பியது, மற்ற பாதியில் 3 பேருக்குத்தான். 2004இல் வந்த ஆய்வு. அவர்களுக்கு இனிப்புநீர் இல்லை, எனவே அதே பங்கு உங்களுக்கும் கிடைக்கும் என்று நான் வாக்குத் தர முடியாது. ஆனால் சர்க்கரை, எடை, சிகரெட், சம்சு (மலிவுச் சாராயம்) நான்கும் உங்கள் குழாயை எந்தப் பக்கம் இழுக்கின்றன என்பதில் சந்தேகம் இல்லை. மாத்திரை பலிக்காதவர்களுக்குக் காற்றை உறிஞ்சும் கருவி, உறுப்பில் போடும் ஊசி, கடைசியாக உள்ளே வைக்கும் சாதனம் எல்லாம் உண்டு, அவை யூரோலஜி நிபுணர் பார்க்க வேண்டியவை. ஆண் ஹார்மோன் ஊசி, காலை ரத்தத்தில் இரண்டு தடவை அளந்து குறைவு என்று தெரிந்தவர்களுக்கு ஆசையைக் கூட்ட உதவும். அளவு சரியாக இருப்பவர்களுக்குத் தேவையில்லை. அதிர்வலைச் சிகிச்சை, சொந்த ரத்தத்திலிருந்து எடுத்த பிளேட்லெட் ஊசி என்று ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு செய்வதெல்லாம் இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கின்றன. அதற்குக் கடன் வாங்காதீர்கள். ஆபாசப் படம் பார்ப்பதால் இந்தக் குறை வருகிறது என்பதிலும் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன.

மனசுப் பக்கத்துக்கு மருந்தைவிடப் பழைய வைத்தியம் ஒன்று இருக்கிறது. மாஸ்டர்ஸ், ஜான்சன் சொன்ன காரணக் கணக்கு பிழைத்துப் போனாலும், அவர்கள் வகுத்த இந்தப் பயிற்சி இன்றும் நிற்கிறது. சில வாரங்களுக்கு உடலுறவே வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்துகொள்வது. தொடுவது, தடவுவது, பக்கத்தில் படுப்பது மட்டும், முதலில் பிறப்புறுப்பை விட்டுவிட்டு, பிறகு மெல்ல மெல்ல. விறைப்பு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, பரீட்சை கிடையாது. பரீட்சை இல்லை என்று தெரிந்ததும் அந்த ஓரத்தில் நின்று கவனிக்கும் ஆள் போய்விடுகிறான். கூட்டுக் குடும்பத்தில், பக்கத்து அறையில் அம்மா, நடுவில் பிள்ளைகள் என்று இருக்கும் வீட்டில் இது லேசான காரியம் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் இதற்கு உங்கள் மனைவி வேண்டும், அவருக்கு விஷயம் தெரிய வேண்டும். அவர் கேட்ட கேள்வியில் கோபத்தைவிடப் பயம் அதிகம் என்று நினைக்கிறேன். எட்டு மாதமாக நீங்கள் அவரை நெருங்காமல், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால் அவருக்கு என்ன தோன்றும்? தன்னைப் பிடிக்கவில்லை என்றுதானே. நம் வீடுகளில் இதைப் பேச வார்த்தை கிடையாது, அதனால் நானே ஒரு வாக்கியம் தருகிறேன்: "இனிப்புநீரால எனக்கு அந்த விஷயத்துல பிரச்சினை வந்திருக்கு, உன்னால இல்ல, டாக்டரைப் பார்க்கப் போறேன், நீயும் வா." இவ்வளவுதான். இதைச் சொல்ல முடியாமல் ஒருவர் என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு போய் மனைவி கையில் கொடுத்தார். அடுத்த வாரம் இரண்டு பேரும் வந்தார்கள். அந்தம்மா பேசியதுதான் அதிகம்.

உங்களை நான் தொட்டுப் பார்க்கவில்லை, உங்கள் ரத்த முடிவுகளைப் பார்க்கவில்லை. எனவே மேலே சொன்னது எதுவும் நேரில் பார்க்கும் மருத்துவருக்கு ஈடாகாது. உங்கள் ஊர் கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போங்கள், ஒரு வெள்ளிதான். பெண் டாக்டராக இருந்தால் கூச்சமாக இருக்கும், வாயால் சொல்ல வராவிட்டால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள், அவர்கள் தினமும் பார்ப்பதுதான். குடும்ப மருத்துவ நிபுணரைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு, கொழுப்பு, சிறுநீரகம், ஈசிஜி, பாதப் பரிசோதனை, தேவைப்பட்டால் காலை ஏழு மணியிலிருந்து பதினொன்றுக்குள் எடுக்கும் ஹார்மோன் அளவு, இவை பார்க்கப்பட வேண்டும். சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும், அந்தக் கோப்பிப் பொட்டலத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். மிச்சம் உள்ள பொட்டலத்தை நண்பரிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள், அவருக்கும் வயது உங்கள் வயதுதானே. அதற்குள் எப்போதாவது நெஞ்சு இறுக்கியது, வியர்த்தது, இடது கை கனத்தது என்றால் உடனே 999க்கு அழையுங்கள். அவசரப் பிரிவில் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அந்தக் கோப்பியைக் கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று நாள், நேரம் இரண்டையும் முதலில் சொல்லிவிடுங்கள். நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கலாமா கூடாதா என்று அவர்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். மனைவிக்கும் இதைச் சொல்லி வையுங்கள், அந்த நேரத்தில் உங்களால் பேச முடியாமல் போகலாம்.